உலக மேகக் கணக்கும் நம் கடலும்

ஆடி மாதத்தில் சுந்தரபாண்டியத்து வயல்வெளியில் நின்று மேற்கே நோக்குவோர், மலைமுகடுகளை மேகங்கள் மூடிக் கிடக்கக் காண்பர். மலைக்கு அப்பால் மழை கொட்டும். இப்பாலோ காற்றே மிகும். ஐப்பசியும் கார்த்திகையும் வந்து கீழ்த்திசை மேகங்கள் திரண்டால்தான் நம் கண்மாய்கள் நிறையும். ஆதலின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து உழவர்க்கு வானத்தை அண்ணாந்து பார்ப்பது தொன்றுதொட்ட வழக்கம். அவர்கள் பார்ப்பது தம் ஊர் வானத்தை. உலகம் முழுவதிலும் உள்ள மேகத்தை ஒருங்கே அளக்க முயன்ற வரலாறொன்று உண்டு. மாணவ நேயர்களுக்கு அதனையே இன்று கூற விழைகின்றேன்.

மேகங்களை வகைப்படுத்தி 1802-இல் பெயரிட்டவர் லூக் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர். பின்னர், வானத்தை எட்டுப் பங்காக எண்ணி, அவற்றுள் எத்தனை பங்கினை மேகம் மூடியுள்ளது எனக் கண்ணால் மதிப்பிட்டு எழுதும் முறை ஏற்பட்டது. வானிலை நிலையங்களில் இன்றும் இம்முறை உண்டு. எளிய முறைதான்; குறையும் பெரிது. உலகப் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு கடல். அங்கே கப்பல் செல்லும் வழிகளில் மட்டுமே எழுதுவார் இருந்தனர்.

1960 ஏப்ரல் 1-ஆம் நாள் அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 இந்நிலையை மாற்றியது. இரண்டு தொலைக்காட்சிக் கருவிகளைச் சுமந்த அத்துணைக்கோள் 78 நாட்களே பணியாற்றியது. எனினும் மேகங்களை மேலிருந்து காணும் பேறு மனிதனுக்குக் கிட்டிற்று. ஆயின் படம் வேறு, அளவு வேறு. பயிரின் படத்தைப் பார்த்து விளைச்சல் இத்தனை மூட்டை என்று சொல்லிவிட இயலுமா?

அளவெடுக்கும் பெருமுயற்சி 1983 ஜூலையில் தொடங்கிற்று. பன்னாட்டு அறிஞர் கூடி வகுத்த துணைக்கோள் மேகவியல் திட்டம் அது. அதன் முறையைச் சற்று விளக்க வேண்டும். நாம் மேலே செல்லச் செல்ல, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஆறரைப் பாகை வீதம் காற்று குளிர்கிறது. ஆகவே மேகத்தின் உச்சி வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை அளந்தால் அதன் வெப்பநிலை தெரியும். வெப்பநிலையிலிருந்து உயரம் தெரியும். வெயிலை அது எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று பார்த்தால் அதன் தடிப்பும் தெரியும். இவ்வளவுகளை மூன்று மணிக்கு ஒருமுறை உலகெங்கும் தொகுத்தனர். நிலப்பரப்பும் கடற்பரப்பும் சேர்ந்த உலகில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினை எப்போதும் மேகம் மூடியிருப்பது தெளிவாயிற்று.

இப்பெருங்கணக்கில் ஒரு பக்கம் மட்டும் நெடுநாள் நிறைவுறாது கிடந்தது. அது நம் இந்தியப் பெருங்கடற் பக்கமே. 1983 ஆகஸ்டு 30-இல் ஏவப்பெற்ற நம் இன்சாட்-1பி இக்கடலை இடைவிடாது நோக்கி நின்றது. நம் வானிலைத் துறைக்கு நன்கு பயன்பட்டது. ஆனால் இன்சாட் தரவுகள் உலகக் கணக்கில் 1988-89-இல் ஓராண்டளவே சேர்ந்தன. எஞ்சிய ஆண்டுகளில், நாளொன்றுக்குச் சில முறை கடந்து செல்லும் துருவத் துணைக்கோள்களைக் கொண்டும், தொலைவில் நின்று சாய்வாகப் பார்த்த அயல் துணைக்கோள்களைக் கொண்டும் இடைவெளியை ஒப்பேற்றினர்.

சாய்ந்து பார்ப்பதில் என்ன கெடுதி என்பீர்கள். தென்னந்தோப்பை நேர் மேலிருந்து காண்பவனுக்கு மரங்களுக்கு இடையே தரை தெரியும். பக்கவாட்டில் நின்று காண்பவனுக்கோ மரங்களே அடைத்து நிற்கும். மேகமும் அவ்வாறே, சாய்வாகப் பார்த்தால் மிகுதியாகத் தோன்றும். 1998-இல் ஐரோப்பிய மீட்டியோசாட்-5 நம் கடலுக்கு மேலே கொணர்ந்து நிறுத்தப்பட்டபின் இக்குறை நீங்கிற்று. உலக மேகம் ஆண்டுதோறும் குறைந்து வருவதாக இக்கணக்கு முன்னர்க் காட்டியது. அச்சரிவு பெரும்பாலும் பார்வைக் கோணம் மாறியதன் விளைவே என்று 2007-இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே ஒன்றும் எழுதாது விட்டால், அம்மாணவன் வந்தானென்றும் கொள்ளலாகாது, வரவில்லையென்றும் கொள்ளலாகாது. ஆசிரியத் தொழிலில் இருந்தவர்க்கு இது நன்கு விளங்கும்.

மேகத்தால் பூமி குளிர்கிறதா, வெப்பமடைகிறதா என்பது இன்னும் கடினமான வினா. பகலில் அது வெயிலைத் தடுக்கிறது. இரவிலோ போர்வைபோல் வெப்பத்தை வெளிச்செல்லாது காக்கிறது. இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தவர்களுள் முதல்வர் வீரபத்திரன் ராமநாதன். 1965-இல் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பட்டம் பெற்றவர். சில காலம் குளிர்பதனத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். 1984 அக்டோபரில் சாலஞ்சர் விண்கலத்திலிருந்து விடப்பெற்ற துணைக்கோள் பூமியின் கதிர்வீச்சு வரவையும் செலவையும் அளந்தது. அவ்வளவுகளைக் கொண்டு 1989-இல் அவரும் துணைவரும் கண்ட விடை இது: மேகங்கள் சதுர மீட்டருக்கு 44.5 வாட் வெயிலைத் திருப்புகின்றன, 31.3 வாட் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன, முடிவில் 13.2 வாட் அளவு பூமி குளிர்கிறது. காற்றில் கரியமிலவாயு இருமடங்கானால் மிகும் வெப்பம் ஏறத்தாழ 4 வாட்தான். மேகத்தில் நேரும் சிறு மாறுதலும் எத்துணைப் பெரிதென்பதை இவ்வெண்களே கூறும். பூமி சூடேறும்போது மேகங்கள் அச்சூட்டைத் தணிக்குமா, வளர்க்குமா? வளர்க்கும் பக்கமே சாய்வு மிகுதி என்பது 2021-இல் வெளிவந்த பன்னாட்டு அறிக்கையின் துணிபு.

2011 அக்டோபர் 12-இல் நம் நாடும் பிரான்சும் கூடி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேகா-டிராபிக்ஸ் என்னும் துணைக்கோளை ஏவின. நிலநடுக்கோட்டின் இருமருங்கும் உள்ள வெப்பமண்டல மேகங்களை நாளுக்குப் பலமுறை காணுமாறு அதன் பாதை அமைந்தது. அதிலிருந்த கருவி ஒன்றன் பெயர் மெட்ராஸ்! ஆங்கிலத் தொடரொன்றின் முதலெழுத்துக்கள் கூடி அவ்வாறு அமைந்தன. அக்கருவி 2013-இல் பழுதுற்றது. ஏனையவை தொடர்ந்து அளந்தன. 2023 மார்ச் 7-இல் அத்துணைக்கோளைப் பசிபிக் கடலின்மேல் எரிந்து விழச் செய்தனர். 2024 பிப்ரவரி 17-இல் ஏவப்பெற்ற இன்சாட்-3டிஎஸ் பின்னர் இப்பணியிற் சேர்ந்தது.