விருந்தும் விடுதியும்

'விருந்து' என்னும் சொல்லைத் தொல்காப்பியர் புதுமைப் பொருளில் ஆண்டார். பின்னர் அது புதிதாய் வந்தாரையும், அவர்க்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. மதுரை மதிற்புறத்தே, மாதரி அளித்த மனையில், கண்ணகி கணவனிடம் கூறிய குறைகளுள் விருந்தோம்பும் பேற்றை இழந்தமையும் ஒன்று. இல்லறத்தார்க்கு விருந்தோம்பல் கடமை மட்டுமன்று, உரிமையுமாம் என்பது இதனாற் போதரும்.

மதுரைக்குக் கிழக்கேயுள்ள செட்டிநாட்டு மாளிகைகளின் அமைப்பிலும் இவ்வுரிமைக்கு இடமுண்டு. திண்ணை வந்தவர்க்கு; முகப்பு ஆடவர்தம் வணிகப் பேச்சுக்கு; வளவு குடும்பச் சடங்குகட்கு. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் அவ்வணிகத்தின் பெருக்கைக் காட்டும். 1942இல் பர்மா சப்பானியர் வசப்படவே, ஆங்குச் செய்த கொடுக்கல் வாங்கல் தொழில் முறிந்தது. பங்காளிகள் பலர்க்கு உரிய வீடுகள் பூட்டிக் கிடந்தன, சில பிரிக்கப்பட்டன, தூண்களும் கதவுகளும் விலைபோயின.

இந்நிலையில் கானாடுகாத்தான் 'விசாலம்', கடியாபட்டி 'சிதம்பர விலாசம்' முதலியன உயர்தர விடுதிகளாயின. விசாலம், தந்தை ஒருவர் தம் மகளுக்கென எழுப்பிய இல்லமாகும். அன்று திண்ணையில் தங்கிய வழிப்போக்கன் பொருள் கொடுத்திலன், வளவையும் கண்டிலன். இன்று தங்குவோன் பொருள் கொடுக்கின்றான், வளவைக் காண்கின்றான். எனவே, விடுதி காத்தது மனையையே, மனையறத்தை அன்று. ஆயினும் மனை நின்றாலன்றி அவ்வறத்தின் தடம் காணுதல் அரிது.

மரமும் கல்லும் இவ்வாறு காக்கப்படினும், பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு முதலிய பெயர்களும் அவற்றின் வழக்கும் அவ்வீடுகளில் வாழ்ந்தோர் நினைவிலேயே உள்ளன. அவர் உள்ளபோதே அவற்றைத் தொகுத்தல் தமிழாய்வார் கடன்.