ஐந்து சீடர்கள், ஐந்து திட்டுகள்

திட்டு வார்த்தைகளுக்கும் வயதாகும். இன்றைக்கு ஒருவரை 'மட்டி' என்று திட்டிப் பாருங்கள். வாழைப்பழத்தைச் சொல்கிறீர்களோ என்று யோசிப்பார்!

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பரமார்த்த குருவின் ஐந்து சீடர்கள் இவர்கள். ஆற்றைக் கடந்த பிறகு, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுதார்களே, அந்தக் கூட்டம்தான். கதையை எழுதியவர் வீரமாமுனிவர். 1680ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார். தமிழ் கற்க வரும் பாதிரிமார்களுக்காகப் பேச்சுநடையில் எழுதி, லத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்த்தார். 1732ல் சதுரகராதியைத் தொகுத்தவரும் இவரே. அகராதிக்காரர் சும்மா பெயர் வைப்பாரா?

மடையனுக்கு மட்டும் இன்னும் மவுசு குறையவில்லை. வெள்ளத்தில் மூழ்கி ஏரி மடையைத் திறந்தவர்களே மடையர்கள், அது உண்மையில் வீரப் பட்டம் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பி வயல் வைத்திருக்கும் கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கம் மடை என்பது அன்றாடச் சொல். அங்கே இந்தக் கதை இனிக்கத்தான் செய்யும். ஆனால் 'மடமை' என்ற சொல் பக்கத்திலேயே இருக்கும்போது இவ்வளவு தூரம் போவானேன்? பழந்தமிழில் மடையன் என்றால் சமையல்காரன் என்றும் ஒரு பொருள் உண்டு. மடைப்பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேதையின் கதைதான் யோசிக்க வைக்கிறது. திருக்குறளில் 84வது அதிகாரமே பேதைமை. அங்கே அது பெரிய குற்றம். அதே சொல், பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவதுக்குப் பெயர். ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுமி பேதை. மடமையின் 'மட'வே மடந்தையிலும் இருக்கிறது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்குச் சொன்ன நான்கில் மடமும் ஒன்று. தெரிந்தும் தெரியாதது போல் இருப்பதாம்! ஆணுக்குத் திட்டு, பெண்ணுக்கு மட்டும் அணிகலன். எந்த ஊர் நியாயம் இது?

மூடன் மேடை நாடகத்தோடு ஒதுங்கிவிட்டான். மூடநம்பிக்கை மட்டும் ஒதுங்கக் காணோம்.

மிலேச்சன் வடமொழிச் சொல். நம் பேச்சு தெரியாத அந்நியன் என்று பொருள். கடல் கடந்து வந்த ஒருவர், அந்நியனைக் குறிக்கும் வசவையே ஒரு முட்டாளுக்குப் பெயராக வைத்திருக்கிறார். வேண்டுமென்றேதான் வைத்தாரோ?

இந்தக் கதைகளை பாபிங்டன் 1822ல் லண்டனில் தமிழும் ஆங்கிலமுமாக அச்சிட்டார். 1861ல் அங்கே வந்த இன்னொரு பதிப்பில் சீடர்களின் பெயர்கள் நூடுல், டூடுல், வைசேக்கர், ஜேனி, ஃபூஸில். எல்லாமே அந்தக் கால ஆங்கிலத்தில் முட்டாளைக் குறித்தவை. இன்று நூடுல் தட்டுக்கு வந்துவிட்டது. டூடுல் என்றால் வகுப்பில் நோட்டின் ஓரத்தில் கிறுக்குவது. வரிசைப்படி பார்த்தால் மிலேச்சனின் இடத்தில் நிற்பவன் ஜேனி. அது இத்தாலிய நாடகங்களில் கோமாளி வேலைக்காரனுக்கு வழங்கிய 'ஜான்னி' என்ற பெயரிலிருந்து வந்தது. பெஸ்கியின் சொந்த நாட்டுச் சொல்!