உலர்ந்த மலரும் உதிராத பெயரும்

மலரின் ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு. அரும்பாய், மொட்டாய், மலராய் வளர்வது, உதிர்ந்தால் வீ, வாடினால் செம்மல். வாடிய பூவைச் சூடுவதும் இறைவனுக்குச் சாத்துவதும் நம் வழக்கமன்று. ஆயினும், பூவை உலர்த்திக் காக்கும் கலையை நம் இல்லங்கள் நன்கு அறியும். கோடையில் உதிரும் வேப்பம்பூவைத் திரட்டி உலர்த்தி, ரசத்துக்கும் பச்சடிக்குமாக ஆண்டு முழுதும் வைத்துக்கொள்கிறோம். ஊரிலிருந்து வரும் பொட்டலங்களில் அதற்கு என்றும் இடமுண்டு. ஈரம் நீங்கிய பொருளைப் பூஞ்சை பற்றாது என்பதே இக்கலையின் அடிப்படை.

உண்பதற்கென்று இல்லாமல், அறிவதற்கென்று செடிகளை உலர்த்திச் சேர்க்கும் முறை 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வேரூன்றியது. போலோஞாவிலும் பின்னர் பீசாவிலும் ஆசிரியராய் விளங்கிய லூக்கா கினி (1490–1556), செடிகளைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி ஒட்டி வைத்தார். குளிர்காலத்தில் தோட்டங்கள் வெறுமையாகிவிடும் அந்நாட்டில், இத்தகைய தொகுப்பை 'உலர்தோட்டம்' என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரால் அழைத்தனர். காலப்போக்கில் இம்முறை இல்லங்களுக்குள்ளும் புகுந்தது. பின்னாளில் அமெரிக்கக் கவிஞராய்ப் புகழ்பெற்ற எமிலி டிக்கின்சன், சிறுமியாய் இருந்தபோது ஒட்டிய 424 மாதிரிகள் 66 பக்கங்களில் இன்றும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளன.

இவ்வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராய் இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுப்புறச் செடிகளை உலர்த்தி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றோடு உள்ளூர்ப் பெயர்களும் பயன்களும் சென்றன. தமிழை 'மலபார் மொழி' என்று ஐரோப்பியர் குறித்த காலம் அது. இலண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் அப்பெயர்களை உரோம எழுத்தில் அச்சேற்றினார். அவர் தொகுப்பு ஹான்ஸ் ஸ்லோன் கைக்கு மாறி, இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

அடுத்த நூற்றாண்டில் இப்பணியின் நடுவிடமாய்த் தரங்கம்பாடி விளங்கியது. லின்னேயசின் மாணவரான கோனிக் 1768-இலும், ராட்லர் பாதிரியார் 1776-இலும் அங்கு வந்தனர். ராட்லர் சேகரித்த செடிகள் இன்று இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் இருக்கின்றன. அவரே தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்தார். அது 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1836-இல் அவர் மறைந்த பின்னர் மற்றவர்கள் அதனை நிறைவு செய்தனர். செடியைத் தாளிலும் சொல்லை ஏட்டிலும் சேர்த்தவர் ஒருவரே என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. பெயரும் இடமும் நாளும் எழுதப்படாத உலர்செடி வெறும் சருகே.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. தும்பையும் குப்பைமேனியும் கீழாநெல்லியும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வழியோரங்களில் முளைக்கின்றன. எருக்கு தில்லியிலும் பூக்கிறது. செடிகள் இங்கே இருக்கின்றன. நம் பிள்ளைகளின் நாவில் அவற்றின் பெயர்கள்தாம் இல்லை. பாட்டிமார் அறிந்த பெயர்கள் அவர்களோடு மறையுமானால், பின்னர் எந்த அகராதியைப் புரட்டியும் செடியையும் சொல்லையும் பொருத்திக் காண்பது அரிது.

வேண்டிய பொருள்கள் எளியவை. பூவும் இலையும் கூடிய சிறு கொம்பைச் செய்தித்தாளின் மடிப்பில் பரப்பி, கனமான நூல்களை மேலே அடுக்கலாம். முதல் சில நாட்கள் தாளை நாள்தோறும் மாற்றவேண்டும். மழைக்காலப் பம்பாயில் இதை மறந்தால் பூஞ்சை பிடிக்கும். ஓரிரு வாரத்தில் உலர்ந்ததும் தடித்த தாளில் ஒட்டி, வெயில் படாமல் காத்தால் நிறம் விரைவில் மங்காது. வாழ்த்து அட்டையாகவோ சுவரில் மாட்டும் படமாகவோ அதனை அமைத்துக்கொள்ளலாம். எவ்வாறு அமைப்பினும், அதனடியில் தமிழ்ப்பெயரையும் பறித்த இடத்தையும் நாளையும் பிள்ளைகளின் கையாலேயே எழுதச் செய்வோமாக.