ருவாண்டா: சாட்சி சொன்ன பெண்கள், பட்டா கேட்ட பெண்கள்

மறைந்தவரைப் புகழ்ந்து பேசிவிட்டுக் கலைவது நம் அரங்கின் வழக்கமல்ல. அவர்கள் கேட்டுவிட்டுப் போன கேள்விகளை எடுத்துப் பேசுவதையே அஞ்சலியாகக் கொண்டிருக்கிறோம். படுகொலை நடந்து முடிந்த மண்ணில் மறுபடி அடுப்பு மூட்டுவது யார், அப்படி மூட்டியவருக்கு அந்த மண்ணில் என்ன கிடைத்தது என்பது இன்றைய கேள்வி. இதற்காக நாம் ஆப்பிரிக்காவின் நடுவே மலைகளுக்கிடையில் இருக்கும் ருவாண்டாவுக்குப் போகிறோம்.

1994 ஏப்ரலில் தொடங்கி ஏறக்குறைய 100 நாட்களில் அங்கே சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் துட்சிகள். கொலைக்கு உடன்படாத ஹூட்டுக்களும் அவர்களோடு வெட்டப்பட்டார்கள். பெல்ஜியக் காலனி ஆட்சி 1930களில் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கொடுத்து, அதில் ஹூட்டு, துட்சி, துவா என்று பிறப்பை எழுதி வைத்திருந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் உயிர் எடுத்தார்கள். பிறப்பை ஏட்டில் எழுதி வைத்தால் அது எங்கே போய் முடியும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வன்புணர்வுக்கு ஆளான பெண்கள் 2,50,000 முதல் 5,00,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் 1996இல் மதிப்பிட்டார். ஆண்களில் பலர் செத்திருந்தார்கள், பலர் எல்லை தாண்டி ஓடியிருந்தார்கள். 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறையில் கிடந்தார்கள். மூன்றில் ஒரு குடும்பத்தைப் பெண்ணே தாங்கி நின்றாள்.

இதன் பிறகு எல்லோரும் சொல்வது நாடாளுமன்றக் கதை. 2003 அரசியல் சட்டம் முடிவெடுக்கும் அமைப்புகளில் குறைந்தது 30 விழுக்காடு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 2008இல் கீழவையின் 80 இடங்களில் 45இல் பெண்கள் அமர்ந்தார்கள். உலகிலேயே பெண்கள் பெரும்பான்மையான முதல் நாடாளுமன்றம் அது. 2013இல் அந்த எண் 51 ஆனது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. அது சாட்சிக் கூண்டில் தொடங்கியது.

இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம் தான்சானியாவின் அருஷா நகரில் இருந்தது. டாபா என்ற வட்டாரத்தின் மேயர் ழான்-போல் அகயேசு அங்கே நிறுத்தப்பட்டார். அவர் மீதான முதல் குற்றப்பத்திரிகையில் கொலை இருந்தது, சித்திரவதை இருந்தது. வன்புணர்வு பற்றி ஒரு வரி இல்லை. 1997 ஜனவரியில் ஒரு பெண் சாட்சி சொல்ல வந்தார். பாதுகாப்புக்காகப் பெயரை மறைத்து அவரை ‘ஜே’ என்ற எழுத்தால் அழைத்தார்கள். வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தவர், தன் ஆறு வயது மகளை மூன்று பேர் சீரழித்ததைச் சொன்னார். பின்னால் வந்த ‘எச்’ என்ற பெண் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீதிபதிகள் விடாமல் கேட்டார்கள். அந்த ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. அதன் பிறகு ‘ஜேஜே’, ‘ஓஓ’ என்று எழுத்துகளாக மட்டும் அறியப்படும் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். வட்டார அலுவலக வளாகத்தில் அடைக்கலம் தேடிப் போன இடத்திலேயே தங்களுக்கு நடந்ததை, அந்த அலுவலகத்தின் தலைவன் எதிரே உட்கார்ந்திருக்க, சொன்னார்கள். 1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு வந்தது. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கோடு செய்யப்படும் வன்புணர்வும் இனப்படுகொலையே என்று உலகில் முதன்முறையாக ஒரு சர்வதேச நீதிமன்றம் சொன்னது.

மூவர் அமர்வில் ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தமிழ் வழிப் பெண். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழியில் வந்து, நிறவெறிச் சட்டத்தின் கீழ் வளர்ந்தவர். வெள்ளையரல்லாதவர் என்பதால் எந்த வாசல்களெல்லாம் அடைக்கப்படும் என்று அனுபவித்து அறிந்த ஒருவர் அந்த இருக்கையில் இருந்ததும், குற்றப்பத்திரிகையில் இல்லாத கேள்விகள் அங்கே கேட்கப்பட்டதும் தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை.

பெண் என்றாலே சமாதானம் என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதே தீர்ப்பாயம் 2011இல் பவுலின் நிரமசுஹூக்கோவையும் தண்டித்தது. வன்புணர்வைத் தடுக்காத குற்றமும் அதில் அடக்கம். 1994இல் அவர் பெண்கள் நலத்துறை அமைச்சர்.

ஊருக்குத் திரும்பிய கைம்பெண்களுக்கு முதல் சிக்கல் நிலம். வழக்கப்படி நிலம் கணவன் வீட்டாருடையது. தகப்பனும் சகோதரர்களும் வெட்டுண்டு போனபின்னும் மகளுக்குப் பங்கில்லை, எங்கிருந்தோ ஒரு பங்காளி வந்து நிற்பான். பெண் கூரைமேல் ஏறக்கூடாது என்ற விலக்கு வேறு இருந்தது. ஏறினார்கள், வேய்ந்தார்கள். 1995 ஜனவரியில் 50 கைம்பெண்கள் கூடி ‘அவேகா’ என்ற சங்கத்தைக் கட்டினார்கள். பெண்கள் அமைப்புகள் சட்டத்துக்காக அமைச்சகங்களின் வாசலில் நின்றன. 1999 நவம்பரில் மகனுக்கும் மகளுக்கும் சமச் சொத்துரிமை தரும் சட்டம் வந்தது. பத்தாண்டுகள் கழித்து நாடு முழுக்க நிலம் அளந்து பதிவு செய்யப்பட்டபோது, பத்திரங்களில் மனைவியின் பெயரும் ஏறியது. பஞ்சமி நிலத்தின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு, பத்திரத்தில் யார் பெயர் என்பது எத்தனை பெரிய கேள்வி என்று தெரியும். ஆனால் 1999 சட்டம் பதிவுத் திருமணம் செய்தவளை மட்டுமே மனைவி என்று ஒப்புக்கொண்டது. ஊர் வழக்கப்படி வாழ்க்கைப்பட்டவளும், இரண்டாம் தாரமாகப் போனவளும் வரப்புக்கு வெளியே நின்றார்கள். ஏழைப் பெண்களில் பலர் இந்த வகை.

பெண்கள் பெரும்பான்மையான அவையும் எல்லாப் பெண்களுக்காகவும் பேசிவிடவில்லை. 2009இல் வந்த தொழிலாளர் சட்டம், 12 வார மகப்பேறு விடுப்பில் 6 வாரத்துக்கு மட்டுமே முழுச் சம்பளம் தந்தது. மீதி 6 வாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்குச் சம்பளம். இதைச் சரிசெய்ய 2016 ஆக வேண்டியிருந்தது. ஆளுங்கட்சி நினைப்பதற்கு மாறாக அவை நடக்க முடியாத நாட்டில், இருக்கைகளை எண்ணுவது ஓரளவுக்குத்தான் உதவும்.

அந்த அட்டையில் எழுதப்பட்ட மூன்றாவது பெயருக்கு வருவோம். மக்கள்தொகையில் ஏறக்குறைய ஒரு விழுக்காடாக இருக்கும் துவாக்கள். காட்டில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள், காடு போனபின் மண்பாண்டம் செய்பவர்கள். மற்றவர்கள் அவர்களோடு ஒரே கலத்தில் குடிக்க மாட்டார்கள், சேர்ந்து உண்ண மாட்டார்கள். இந்த வரியை வேறு ஓர் ஊரைப் பற்றி எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! 1994இல் அவர்களும் கொல்லப்பட்டார்கள். படுகொலைக்குப் பிறகு அரசு அட்டையிலிருந்து இனப்பெயரை எடுத்துவிட்டது, இனி எல்லோரும் ருவாண்டர்கள் என்றது. அதன் நியாயம் நமக்குப் புரிகிறது. துவா என்று சொல்வதற்குப் பதில் ‘வரலாற்றில் ஓரங்கட்டப்பட்டோர்’ என்று சுற்றி வளைத்து எழுதுகிறார்கள். பெயரில்லாதவர்களுக்குக் கணக்கும் இல்லை. 51 பெண் உறுப்பினர்களில் குயவர் வீட்டுப் பெண் எத்தனை பேர் என்று எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. மகளுக்குச் சமப் பங்கு என்ற சட்டமும் தகப்பனிடம் நிலமே இல்லாத வீட்டுக்குள் நுழைவதில்லை. களிமண் எடுத்துவந்த சதுப்பு நிலங்கள் நெல் வயல்களாகின்றன, சந்தைக்கு பிளாஸ்டிக் குடம் வந்துவிட்டது. துவாப் பெண்கள் இன்னும் பானைகளைத் தலையில் சுமந்து மலையேறி, ஒரு வேளைக் கிழங்குக்கு விற்றுவிட்டு இறங்குகிறார்கள்.