ரிப்பன் கட்டிய வாத்துகள்

காசு கொடுத்து ஓர் ஓவியம் வாங்குகிறீர்கள். ரசீதும் பத்திரமாக இருக்கிறது. படத்தில் இருக்கும் பெண்மணிக்கு ஒரு மீசை வரைந்து பார்க்க ஆசை. வரையலாமா? ‘என் பொருள், என் இஷ்டம். கேட்க நீ யார்?’ என்பீர்கள். கனடாவில் ஒரு ஷாப்பிங் சென்டரும் அப்படித்தான் சொன்னது. கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை!

டொரன்டோ நகரின் ஈட்டன் சென்டர், 1977-ல் திறந்த பிரமாண்டமான கடை வளாகம். உயரத்தில் நீளமான கண்ணாடிக் கூரை. 1979-ல் அதிலிருந்து 60 வாத்துகளைத் தொங்கவிட்டார் மைக்கேல் ஸ்நோ. மனிதர் ஓவியர், சிற்பி, ஜாஸ் பியானோ வாசிப்பவர், சினிமாவும் எடுப்பவர். வாத்துகளின் உடம்பு ஃபைபர் கிளாஸ். மேலே ஒட்டியிருந்தது, நிஜ வாத்தின் புகைப்படம்!

கனடா வாத்துகள் அம்பு முனை போல அணிவகுத்துப் பறக்கும். முன்னால் போகிற பறவையின் இறக்கை கிளப்பும் காற்று, பின்னால் வருவதைக் கொஞ்சம் தூக்கிவிடும். சிரமம் மிச்சம். இறங்கும்போதோ அணி கலையும். ஒன்று இறக்கையை விரிக்கும், ஒன்று மடக்கும். ஆனாலும் மொத்தக் கூட்டமும் ஒரே அசைவாகத் தெரியும். ஓடுகிற ஃபிலிமைச் சட்டென்று நிறுத்தின மாதிரி அந்தக் கணத்தைப் பிடித்திருந்தார் ஸ்நோ. பெயரே ‘ஃப்ளைட் ஸ்டாப்’.

வந்தது 1982 கிறிஸ்துமஸ் சீசன். நிர்வாகம் 60 கழுத்துகளிலும் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டது. ஸ்நோவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவுதான், கூட்டம் காணாமல் போய், 60 பொம்மைகள் தொங்கின!

ஸ்நோ வழக்குப் போட்டார். வீனஸ் சிலையின் காதில் தொங்கட்டான் மாட்டுவதும் இதுவும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. வாத்துகள் எங்கள் சொத்து என்றது எதிர்த்தரப்பு. ஆனால், கனடாவின் காப்பிரைட் சட்டத்தில் 1931-லேயே ஒரு பிரிவு சேர்த்திருந்தார்கள். படைப்பை விற்ற பிறகும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி அதை மாற்றினால் கலைஞர் தடுக்கலாம். சக கலைஞர்களும் ஸ்நோ பக்கம் நின்றார்கள். நீதிபதி கெடு விதித்தார். டிசம்பர் 6, திங்கட்கிழமை காலை 9 மணிக்குள் ரிப்பன்களைக் கழற்றியாக வேண்டும்!

ஸ்நோ 2023-ல், 94 வயதில் காலமானார். அவர் விற்றது வாத்துகளைத்தான், பெயரை அல்ல.

நம் நாட்டு காப்பிரைட் சட்டத்தின் 57-வது பிரிவும் கலைஞனுக்கு இதே மாதிரி உரிமை தருகிறது. அதனால், அந்த மீசை விஷயத்தில் கொஞ்சம் யோசியுங்கள்!