நகக்கண்ணும் கூலியும்

தாம்பரம் கிழக்கில் இறங்கி வேளச்சேரி சாலையில் கேம்ப் ரோடு வரை நடந்தால், மாடிப்படிகளின் ஓரத்தில் பார்லர் பலகைகள் தொங்கும். புருவம், ஃபேஷியல், வேக்சிங் என்று பழைய வரிகள். அவற்றுக்குக் கீழே, பெயின்ட்டின் நிறம் சற்று மாறி, ‘நெயில் எக்ஸ்டென்ஷன், ஜெல் பாலிஷ், நெயில் ஆர்ட்’ என்று புதிதாகச் சேர்த்த ஒரு வரி. உள்ளே விலைப்பட்டியல் இருக்கும். ஜெல்லுக்கு இவ்வளவு, அக்ரிலிக்குக்கு இவ்வளவு, ஒரு விரலுக்கு ஓவியம் வரைய இவ்வளவு. அந்தப் பட்டியலில் எங்கும் நேரம் இருக்காது. பத்து விரலுக்கும் நகம் நீட்டி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் குனிந்திருக்க வேண்டும் என்பது பலகையைப் படிக்கிறவருக்குத் தெரியாது. இந்த நேரம் விலையிலிருந்து எப்போது, எப்படி விழுந்துபோனது?

முதலிலிருந்தே அது விலையில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஊரில் பிறர் நகத்தைத் தொடும் வேலை நாவிதர் குடும்பத்துக்கு உரியது. ஆண் சவரம் செய்தார், நகம் வெட்டினார். அதே வீட்டுப் பெண் மருத்துவச்சியாகப் பிள்ளைப்பேறு பார்த்தார். வேலைக்கு வேலை காசு கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல், பிறப்புக்கும் சாவுக்கும் ஏதேனும் துணி, கொஞ்சம் அரிசி. மயிரையும் நகத்தையும் ரத்தத்தையும் தொடுவது தீட்டு என்று சாதி சொன்னது. தீட்டான வேலைக்குப் பேரம் பேசும் உரிமை இல்லை. அந்தப் பெண்ணின் கைத்திறன் குடும்பத்துக்கு அளந்த நெல்லுக்குள் கரைந்துபோனது. அவளுக்கென்று தனி மரக்கால் யாரும் வைக்கவில்லை.

இன்னொரு பக்கம் மருதாணி. ஆடி பிறந்தால் இலை பறித்து, கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அம்மியில் அரைத்து, விரல் நுனிகளில் தொப்பி வைத்து விடுவார்கள். காலையில் நகம் செக்கச்செவேலென்று இருக்கும். அரைத்த கைக்கு வலி இருந்தது, கூலி இல்லை. அத்தையும் பெரியம்மாவும் அன்பினால் செய்தார்கள் என்போம். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் நகத்தை அழகாக்கும் வேலைக்கு நம் நினைவில் இருப்பவை இந்த இரண்டு முன்னுதாரணங்கள் மட்டுமே: ஒன்று சாதி வாங்கிய இலவசம், மற்றது உறவு வாங்கிய இலவசம்.

காசு வந்தது பார்லரோடு. 1952இல் டாடா குழுமம் லக்மேவைத் தொடங்கியது. நகப்பூச்சு பெட்டிக்கடை வரை வந்து சேர்ந்தது. எழுபதுகளில் டெல்லியில் தன் வீட்டிலேயே அழகு நிலையம் தொடங்கிய ஷானாஸ் உசேன், வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யலாம் என்று பெண்களைப் பழக்கினார். சென்னையில் 2000இல் வீணா குமரவேல் நேச்சுரல்ஸைத் தொடங்க, குளிர்சாதன அறையும் சீருடையும் உள்ள சங்கிலிக் கடைகள் பரவின. இந்த மாற்றத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. ‘பியூட்டிஷியன்’ என்ற பெயர் வந்ததும் தீட்டு கழன்றது. முன்பு இந்த வேலையை நினைத்தும் பார்த்திராத சாதிப் பெண்கள் இதற்குள் வந்தார்கள். ஆண்களின் சலூன் மட்டும் பழைய அடையாளத்தைச் சுமந்துகொண்டே நின்றது. தலைமுறைகளாக அந்தத் திறனை வைத்திருந்த வீட்டுப் பெண்களுக்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்டவர்கள் குறைவு.

புறநகருக்கு இந்தத் தொழில் பொருந்தியதற்குக் காரணங்கள் உண்டு. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது முதல் இது சம்பளக்காரர்களின் குடியிருப்பு. 1984இல் மெப்ஸ் வந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தார்கள். பிறகு ஓஎம்ஆர். மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் போகும் பெண்ணின் கையில் சம்பளமும் இருக்கிறது, விசைப்பலகை மேல் நாள் முழுக்கத் தெரியும் பத்து நகங்களும் இருக்கின்றன. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. கடை வாடகையும் மாநகர வாடகையாகத் தொடங்கியது. நகம் நீட்டுவதற்கு மட்டும் நுங்கம்பாக்கத்து விலை சொன்னால், “இது தாம்பரம்மா” என்று வாடிக்கையாளர் நினைவூட்டுவார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். ஒரு செட் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜெல், டிப், ராவும் ஃபைல், அசிட்டோன், பஞ்சு எல்லாம் 300. விளக்கும் டிரில் மெஷினும் தேய்வதற்கும் கரண்டுக்கும் 100. மிச்சம் 1,100. வேலை இரண்டேகால் மணி நேரம். முன்னும் பின்னும் சுத்தம் செய்ய, ஒரு வாரத்துக்குள் ஒரு நகம் உடைந்தால் இலவசமாக ஒட்டித் தர முக்கால் மணி. ஆக மூன்று மணி நேரத்துக்கு 1,100. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் ஆள் தினமும் வருவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மாதம் 24 பேர் வந்தால் 26,400. கடை வாடகை 10,000 போக 16,400.

இப்போது இரண்டு தெரு தள்ளி, கணவர் சம்பளத்தில் வாடகையும் கரண்டும் ஓடும் வீட்டின் முன்னறையில் ஒருவர் இதே வேலையை ஆயிரம் ரூபாய்க்குச் செய்கிறார். அவருக்கு மாதம் 14,400 நிற்கும். ‘கைச்செலவுக்கு ஆச்சு’ என்று வீட்டில் சொல்வார்கள். அவரோடு போட்டியிட்டு, கடை எடுத்தவரும் ஆயிரத்துக்கு இறங்கினால் கையில் மிஞ்சுவது 4,400. கடை எடுத்தவர் யார்? தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், கணவரை விட்டு வந்தவர், மணிப்பூரிலோ மிசோரத்திலோ இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர். குடும்பத்துக்குள் இருக்கும் பெண்ணின் உழைப்பு மலிவாக எண்ணப்படுவதற்கான விலையைக் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் பெண் கட்டுகிறாள். முன்னறைக்காரரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய மூன்று மணி நேரத்துக்கும் அங்கே கணக்கு இல்லை. அது சமையலுக்கும் பிள்ளையின் டியூஷனுக்கும் நடுவே திருடிய நேரம்.

வரியும் இதில் உண்டு. அழகு நிலையச் சேவைக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குக் கீழ் இருக்கும் சிறுகடைகள் முன்பும் வரி வாங்கியதில்லை. ஆக பில்லைப் பார்த்துப் பெரிய கடையிலிருந்து சின்னக் கடைக்கு இறங்கி வருவதற்கு இருந்த காரணம் சுருங்கிவிட்டது.

விலை இறங்கும் இந்தக் கதை நமக்கு மட்டும் உரியதல்ல. 1975இல் கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ அருகே ஒரு அகதி முகாமுக்கு நடிகை டிப்பி ஹெட்ரன் போனார். வியட்நாம் பெண்கள் அவருடைய நகங்களைப் பார்த்து வியக்க, தன் நகக்கலைஞரை அழைத்து வந்து இருபது பேருக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வைத்தார். அங்கிருந்து ஒரு சமூகமே பிழைக்க வழி கிடைத்தது உண்மை. பணக்காரப் பெண்களின் ஆடம்பரமாக இருந்த மேனிக்யூர் எல்லோருக்குமானதும் அப்படித்தான். வாடிக்கையாளருக்கு விலை இறங்கியது, செய்பவருக்குக் கூலியும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (லாஸ் ஏஞ்சல்ஸ்) தொழிலாளர் மையம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்க நகநிலையத் தொழிலாளர்களில் 78 சதவீதத்தினர் குறைந்த கூலிக்காரர்கள். நியூயார்க்கின் கொரிய நகநிலையங்களை ஆராய்ந்த மிலியன் காங், பிறர் உடலையும் மனநிலையையும் ஒருசேரக் கவனிக்கும் இந்த வேலையை ‘உடல் உழைப்பு’ என்றே பெயரிட்டார். வெறும் உடலால் உழைப்பது என்ற பொருளில் அல்ல. இன்னொரு உடலின் மேல் செய்யப்படும் உழைப்பு என்ற பொருளில். நம் மருத்துவச்சிக்கு இது விளங்கியிருக்கும்.

இங்கே செயலி வந்தது. வீட்டுக்கே வந்து அழகுபடுத்தும் பெண்கள், 2021 அக்டோபரில் அர்பன் கம்பெனியின் குருகிராம் அலுவலகத்துக்கு முன் உட்கார்ந்தார்கள். பிடித்தம் அதிகம், வாங்கச் சொல்லும் பொருட்களின் விலை அதிகம் என்றார்கள். சில சலுகைகள் அறிவிக்கப்பட்டன. டிசம்பரில் மறுபடி போராடியபோது நிறுவனம் அந்தப் பெண்களில் சிலர்மேல் வழக்குத் தொடுத்தது. தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் செயலித் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தது. அதன் பேச்சு வரும்போதெல்லாம் நம் கண்முன் வருவது பைக்கில் சோறு கொண்டுபோகும் பையன்தான். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு குரோம்பேட்டை அடுக்ககங்களின் லிப்ட் முன் நிற்கும் பெண் அல்ல.

உடம்பின் கணக்கு தனி. 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, நின்றே வேலை செய்யும் ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கிடைத்தது. நகக்காரிக்கு எழுந்து நிற்கும் உரிமைதான் தேவை. பின்கழுத்து வலி, ராவிய தூள், அசிட்டோன் நெடி. ஜெல் பாலிஷில் இருந்த டிபிஓ என்ற வேதிப்பொருளை 2025 செப்டம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. வாரத்துக்கு ஆறு நாள் அதைத் தொடுகிறவர் விலை சொல்லும்போது, இதற்கு என்ன சேர்ப்பது?

ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் சென்ற தை மாதம் தன் பட்டியலைப் புதிதாக அச்சடித்தார். ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் நேரம் போட்டார். எக்ஸ்டென்ஷன், 1,500, மூன்று மணி நேரம். முதலில் வந்த வாடிக்கையாளர் அதைப் படித்துவிட்டு, “அவ்வளவு நேரம் காத்திருக்கணுமா அக்கா?” என்று கேட்டார். “காத்திருக்க வேண்டாம்மா, அது நான் வேலை செய்ற நேரம்” என்றார் இவர். அந்தப் பெண் ஒருமுறை விலையைப் பார்த்தார், மறுபடி நேரத்தைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கையை நீட்டினார்.