உண்ணி மேல் ஒரு சந்தேகம்!

1868 கோடைக்காலம். டெக்ஸாஸிலிருந்து அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்கு நீளக் கொம்பு மாடுகள் வந்து இறங்கின. எல்லாம் இறைச்சிக்காக. ஒவ்வொன்றும் கிண்ணென்று இருந்தது! ஆனால், அவை மேய்ந்துவிட்டுப் போன புல்வெளியில், ஒரு மாதம் கழித்து உள்ளூர் மாடுகள் சுருண்டு விழ ஆரம்பித்தன. கடும் காய்ச்சல், ரத்தச் சிவப்பில் சிறுநீர், பிறகு சாவு. ஆயிரக்கணக்கில்!

‘டெக்ஸாஸ் காய்ச்சல்’ என்று பெயர் வைத்தார்கள். டெக்ஸாஸ்காரர்களுக்குக் கோபம். ‘எங்க மாடு நல்லாத்தானே இருக்கு?’ பக்கத்து மாநில விவசாயிகளோ துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து மந்தைகளை வழிமறித்தார்கள்.

‘எல்லாம் இந்த உண்ணியோட வேலை’ என்று மாடு மேய்ப்பவர்கள் அப்போதே முணுமுணுத்தார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். தியோபால்ட் ஸ்மித் என்ற இளம் விஞ்ஞானி மட்டும் சிரிக்கவில்லை!

1889-ல் கில்போர்ன், கர்ட்டிஸ் என்ற சகாக்களோடு வாஷிங்டன் அருகே பரிசோதனையில் இறங்கினார். ஒரு வயலில், உண்ணியோடு தெற்கத்தி மாடுகள். இன்னொன்றில், உண்ணியைக் கையாலேயே பொறுக்கி எடுத்துவிட்ட தெற்கத்தி மாடுகள். மூன்றாவதில் மாடே இல்லை... வெறும் உண்ணிகள்! மூன்றிலும் வடக்கத்தி மாடுகளை விட்டார். உண்ணி இருந்த வயல்களில் காய்ச்சல் வந்தது. பொறுக்கி எடுத்த வயலில் ஒன்றுமே இல்லை!

ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து உடைக்கும் ஓர் ஒட்டுண்ணிதான் குற்றவாளி. தாய் உண்ணி தரையில் விழுந்து முட்டையிடும். கிருமி முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும். குஞ்சு அடுத்த மாட்டைக் கடிக்கும். அந்த ஒரு மாத இடைவெளியின் ரகசியம் இதுதான்! தெற்கத்தி மாடுகளோ, கன்றிலேயே கடிபட்டுத் தேறியவை. உடம்பில் கிருமி இருக்கும், நோய் தெரியாது.

1893-ல் இதெல்லாம் அச்சில் வந்தது. ஒரு கணுக்காலி உயிரினம் இப்படி ஒரு கிருமியைச் சுமந்து பரப்பும் என்று உலகம் ஒப்புக்கொண்டது அப்போதுதான். நம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாவைப் பார்த்தது அதற்குப் பிறகு, 1897-ல்!

காரணம் தெரிந்தாயிற்று. ஒழிப்பது? 1906-ல் அரசு கிளம்பியது. பாஷாணம் கலந்த தொட்டிகளில், 2 வாரத்துக்கு ஒருமுறை மாடுகளை முக்கி எடுக்க வேண்டும். கட்டாயம்! நாலு மாடு வைத்திருந்த ஏழை விவசாயி மைல் கணக்கில் ஓட்டிப் போகணும். ‘எங்க மாடு நல்லாத்தானே இருக்கு?’ என்ற அதே பழைய கேள்வி மறுபடி எழுந்தது. தெற்கே சில இடங்களில் தொட்டிகளை டைனமைட் வைத்தே தகர்த்தார்கள்!

ஆனாலும் 1943-க்குள் உண்ணி விரட்டப்பட்டது, மெக்ஸிகோ எல்லையோரம் தவிர. அங்கே ரியோ கிராண்ட் நதிக்கரையில், வழிதவறி வரும் மாடுகளைத் தேடி அரசு ஊழியர்கள் இன்றைக்கும் குதிரையில் ரோந்து சுற்றுகிறார்கள். மாடு மேய்ப்பவர்கள் அன்றைக்கு முணுமுணுத்ததைக் காதில் வாங்கிக்கொள்ள எத்தனை வருடம், எத்தனை மாடு!